காருக்குள் புகை வாடை: வெளியேறும் ஓட்டையும் நுழையும் ஓட்டையும்

முன்சீட்டில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்து தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போனால் தலை கனக்கும், லேசாகக் குமட்டும். எங்கள் காரில் கோளாறு இப்படித்தான் வெளியே தெரிந்தது. 2011-ல் வாங்கிய பெட்ரோல் ஹாட்ச்பேக், பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிமுறை) எஞ்சின். பின்னால் உட்காருவது பெரும்பாலும் அம்மா. "எனக்கு ஏசி வண்டி ஒத்துக்காதுடா" என்று அவரே ஒரு காரணம் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். இறங்கிக் காற்றாட உட்கார்ந்தால் தெளிந்துவிடுவார். பயண வாந்தியும் இறங்கினால் அடங்கும்தான். ஆனால் சென்னையிலிருந்து தெற்கே போகும், பெரிய வளைவே இல்லாத ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில், சீராகப் போகும் வண்டியில், பின்சீட்டில் யார் மாறி உட்கார்ந்தாலும் தலை வலிக்கிறது என்றால் ஆளை விட்டுவிட்டு வண்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் அண்ணன், "டேப்பெட் கவர் பேக்கிங் போயிருக்கு சார். ஆயில் கசிஞ்சு மேனிஃபோல்டு மேல விழுந்து கருகுது, அந்த வாடைதான்" என்றார். டேப்பெட் கவர் என்பது எஞ்சினின் மேல்மூடி, மேனிஃபோல்டு என்பது எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் சூடான குழாய்த் தொகுதி. பேக்கிங் உண்மையிலேயே ஈரமாகத்தான் இருந்தது. மாற்றினோம். சிக்னலில் நிற்கும்போது முன்பக்கம் அடித்த கருகல் வாடை போய்விட்டது. பின்சீட்டுத் தலைவலி போகவில்லை.

இந்த இடத்தில் வாடைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. எஞ்சின் ஆயில் சூடான இரும்பில் விழுந்தால் காரமாகக் கருகும். கூலன்ட் கசிந்தால் இனிப்பாக ஒரு வாடை வரும், கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படியும். பச்சைப் பெட்ரோல் வாடையை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் புகை என்றால் கண் லேசாக எரியும், தொண்டை வறளும். ஆனால் இதில் ஆபத்தான கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. நம் மூக்குக்குத் தெரிவதெல்லாம் அதோடு சேர்ந்து வரும் எரியாத பெட்ரோலும் மற்ற வாயுக்களும்தான். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகிவிட்டால் வாடையும் குறையும், சிறிது நேரத்தில் மூக்கும் பழகிவிடும். அதனால் 'இப்போ வாடை இல்லையே' என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மோனாக்சைடு ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் ஏறியதில் பாதி இறங்கவே நான்கைந்து மணி நேரம் ஆகும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி '98 காட்டுது, ஒண்ணுமில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சின்னக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. காருக்குள் மயக்கம், குழப்பம், கடுமையான தலைவலி என்று வந்தால் மீட்டர் வாங்கும் வேலையெல்லாம் அப்புறம். வண்டியை நிறுத்தி, எல்லாரையும் வெளியே இறக்கி, நேராக மருத்துவமனை.

எங்கள் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் காரணம் தெரியும்வரை அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்து, கையடக்க மோனாக்சைடு மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது எலக்ட்ரோகெமிக்கல் சென்சார்தானா, பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு) அளவை எண்ணாகத் திரையில் காட்டுமா என்று பாருங்கள். வெறும் அலாரம் மட்டும் அடிக்கும் வகை இந்த வேலைக்கு உதவாது. வெட்டவெளியில் வைத்து சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காருக்குள் கொண்டுபோக வேண்டும். டேஷ்போர்டில் இருந்த பெர்ஃப்யூம் பாட்டிலை முதலில் எடுத்தேன். இந்த வகை சென்சார்கள் ஆல்கஹால் ஆவிக்கும் அசையும். சானிடைசர் தடவிய கையோடு தொட்டால்கூட எண் ஏறும்.

விலை குறைந்த மீட்டர் காட்டும் எண்ணைத் தராசு போல நம்பக் கூடாது. எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். நான் ஓட்ட, தம்பி பின்சீட்டில் மீட்டரோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தான். எண் 50-ஐத் தொட்டால் நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிட்டு ஓரங்கட்டுவது என்று முன்பே பேசிக்கொண்டோம்.

நின்ற இடத்தில், ஐடிலிங்கில் (வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது), கண்ணாடி மூடி, ஏசி உள்காற்றைச் சுழற்றும் நிலையில்: 2, 3. அதே நிலையில் வண்டி ஓடும்போது: மெதுவாக ஏறி 15 அளவில் நின்றது. பின்கண்ணாடிகளைப் பாதி இறக்கி ஓட்டியபோது 30-ஐத் தாண்டியது, ஒரு கட்டத்தில் 38. காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கினால் கூடுகிறது! எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலைக்கு மாற்றி, ஃபேனை மூன்றில் வைத்ததும் கொஞ்ச நேரத்தில் 4-க்கு இறங்கிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க: அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் எட்டு மணி நேர சராசரிக்குப் பரிந்துரைக்கும் உச்சம் 35 பி.பி.எம். அது வேலை செய்யும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கானது. உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லும் எட்டு மணி நேர அளவு கன மீட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது சுமார் 9 பி.பி.எம். வயதானவர்களும் குழந்தைகளும் உட்காரும் காருக்கு நான் எடுத்துக்கொண்ட இலக்கு சுழியம்தான்.

இந்த எண்களில் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. ஏசி வெளிக்காற்றை எடுப்பது முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் உள்ள ஜாலி வழியாக. மேனிஃபோல்டு விரிசல், மேனிஃபோல்டு பேக்கிங் என்று எஞ்சின் அறைக்குள் புகை கசிந்தால், வெளிக்காற்று நிலையில் அது நேராக உள்ளே வரும். எண் கூட வேண்டும். எங்களுக்குக் குறைந்தது. வெளிக்காற்றை ஃபேன் உள்ளே தள்ளும்போது கேபினுக்குள் அழுத்தம் சற்றுக் கூடி, இருக்கிற இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். ஆகவே புகை முன்னாலிருந்து வரவில்லை, பின்னாலிருந்து உறிஞ்சப்படுகிறது. ஹாட்ச்பேக் வண்டி ஓடும்போது வெட்டிவிட்டது போன்ற அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை அங்கேயே சுழலும். பக்கக் கண்ணாடியை இறக்கினால் ஓடும் காற்று கேபினுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். இழுத்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். பின்னால் ஓட்டை இருந்தால் அங்கிருந்து வரும், சுழன்றுகொண்டிருக்கும் புகையோடு சேர்ந்து.

அப்படியானால் தேட வேண்டியது இரண்டு. புகை வெளியேறும் ஓட்டை ஒன்று, உள்ளே நுழையும் ஓட்டை ஒன்று. பட்டறைகளில் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்ப்பார்கள். சத்தம் போடுவது அதுதானே.

முதல் ஓட்டைக்கு வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகள் கொடுத்து, எதிர்ச் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு அடியில் நுழைந்தேன். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருந்தது. வேக்குவம் கிளீனரில் காற்று ஊதும் வாய் ஒன்று இருக்குமே, அந்தக் குழாயைச் சைலன்சர் வாலில் பொருத்தி, இடுக்கில் ஈரத்துணி சுற்றி ஊதவிட்டேன். எஞ்சினை ஓடவிட்டு வாலைத் துணியால் அடைத்து 'புஸ்' சத்தம் கேட்கும் முறையும் உண்டு. ஆனால் அடியில் படுத்துக்கொண்டு அதைச் செய்வது புகையை நேராக நம் முகத்தில் வாங்கிக்கொள்வது. வேக்குவம் கிளீனர் முறையில் சூடும் இல்லை, விஷமும் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, கன்வெர்ட்டரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு இணைப்பிலும் அடித்துக்கொண்டே வந்தேன்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஃபிளாஞ்சில் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) சில சின்னக் குமிழிகள். அங்கே இரும்பில் மெல்லிய கரிக்கோடும் இருந்தது. புகை பல காலமாகக் கசிகிறது என்பதற்கு அந்தக் கறுப்புக் கோடு போதும். பெரிய கசிவு பின்சைலன்சர் பெட்டியில். குழாய் பெட்டிக்குள் நுழையும் தையலைச் சுற்றி நுரை பொங்கிக்கொண்டு வந்தது. துரு பிடித்த தகடு கட்டை விரலால் அழுத்தியதும் உள்ளே போனது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். நெடுந்தூரம் ஓட்டினால் சைலன்சர் சூடேறி அது வெளியேறிவிடும். எங்கள் வண்டி வாரம் முழுக்க மார்க்கெட், ஸ்டேஷன், மார்க்கெட் என்றுதான் ஓடுகிறது. பெட்டி சூடாவதற்குள் பயணம் முடிந்து, நீர் உள்ளேயே தங்கி, தகட்டை உட்புறமிருந்து அரிக்கும். வெளியிலிருந்து அரிக்க சென்னையின் உப்புக்காற்றும் மழைக்காலத் தேக்கமும் இருக்கின்றன. இந்தத் தண்ணீர் வடிவதற்காகப் பெட்டியின் அடியில் தொழிற்சாலையிலேயே ஒரு சின்ன ஓட்டை போட்டிருப்பார்கள். சோப்புத் தண்ணீர் அங்கேயும் குமிழிவிடும். அது கோளாறு இல்லை, விட்டுவிடுங்கள். வெல்டிங் கடைக்காரர் ஆர்வமாக, "சார், இதையும் அடைச்சிடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்தேன்.

அவர் தகடு வைத்து ஒட்டித் தரவும் தயாராக இருந்தார். துருவேறிய மெல்லிய தகட்டில் கேஸ் வெல்டிங் வைத்தால் ஓட்டையைச் சுற்றியுள்ள நல்ல பகுதியும் கருகும். அடுத்த மழையில் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். குழாய் ஒட்டும் எபாக்சி பேஸ்டை அப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்தச் சூட்டில் அது பொடியாக உதிர்ந்துவிடும். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் இந்த மாடலுக்கான புதிய பின்சைலன்சர் கிடைத்தது. கூடவே ஃபிளாஞ்சுக்கு வளையப் பேக்கிங், ஸ்பிரிங் போல்ட் ஜோடி, தொங்கவிடும் ரப்பர்கள். பழைய ரப்பர்கள் விரிசல் விட்டிருந்தன. அவற்றை மாற்றாமல் விட்டால் சைலன்சர் ஆடி ஆடிப் புதிய இணைப்பும் தளரும்.

போல்ட்களுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டிருந்தேன். ஒன்று நல்லபடியாகக் கழன்றது. மற்றொன்று தலை முறிந்து, மெக்கானிக் அண்ணன் கிரைண்டரால் வெட்டி எடுத்தார். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பொறி பறக்கும் இந்த வேலையைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். புதிய போல்ட்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே முழுக்க இறுக்கினால் வளையம் சாய்ந்து உட்கார்ந்து மறுபடி கசியும். எல்லாம் முடிந்ததும் ஆறிய நிலையில் மீண்டும் வேக்குவம் கிளீனர், சோப்புத் தண்ணீர். வடிகால் ஓட்டையைத் தவிர வேறெங்கும் குமிழி இல்லை.

சத்தம் பாதியாகக் குறைந்தது. பட்டறையில் எல்லாருக்கும் திருப்தி. மீட்டரோடு ஓட்டிப் பார்த்தால், கண்ணாடி மூடிய நிலையில் 4, 5. பின்கண்ணாடிகளைப் பாதி இறக்கினால் 12.

கசிவே இல்லாத சைலன்சராக இருந்தாலும் அதன் வால் காரின் பின்னால்தானே திறக்கிறது! அங்கே சுழலும் புகை அப்படியேதான் இருக்கும். புகைப் பரிசோதனையில் பாஸானதை வைத்து நிம்மதியாக இருக்கவும் முடியாது. பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் அனுமதிக்கப்பட்ட மோனாக்சைடு அளவு 0.3 சதவீதம், பி.பி.எம்-ல் சொன்னால் 3,000. நூற்றில் ஒரு பங்கு கேபினுக்குள் கலந்தாலே 30. கன்வெர்ட்டர் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை ஒழுங்காக வேலை செய்யாது என்பதால், காலையில் முதல் சில நிமிடங்களில் வருவது இதைவிடப் பல மடங்கு.

இரண்டாவது ஓட்டைக்கு டிக்கியைக் காலி செய்து ஸ்டெப்னி, கார்ப்பெட், பக்கவாட்டு பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றினேன். டிக்கிக் கதவின் பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) மீது சாக்பீஸ் பொடியைத் தடவி, கதவை மூடித் திறந்தால், அது அழுந்தும் இடமெல்லாம் கதவில் வெள்ளைக் கோடாகப் பதியும். மேல்பக்கம் கோடு முழுசாக இருந்தது. கீழே இடது மூலையில் ஒரு சாண் அளவுக்குக் கோடே இல்லை. மூட்டை மூட்டையாக அரிசி ஏற்றி இறக்கிய இடம், பீடிங் நசுங்கிப் போயிருந்தது.

அப்புறம் பின்சீட்டை மடக்கி, வண்டியை வெயிலில் நிறுத்தி, உள்ளே படுத்துக்கொண்டு தம்பியைக் கதவை மூடச் சொன்னேன். கண் இருட்டுக்குப் பழகியதும் இடது டெயில் லைட்டுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணய அளவில் வெளிச்சம். ரிவர்ஸ் கேமரா மாட்டிய ஆக்சசரீஸ் கடையில், வயரின் தடித்த கனெக்டர் நுழையவில்லை என்று தரையிலுள்ள ஓட்டையை அடைத்திருந்த ரப்பர் வளையத்தை, அதாவது கிராமெட்டைப் பிடுங்கிவிட்டு, வயரை இழுத்து, மேலே பிளாஸ்டிக்கை மூடியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் வேலை அழகாக இருக்கும். சைலன்சர் வாலுக்கும் அந்த ஓட்டைக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது.

மூன்றாவது ஒன்றும் சிக்கியது. காருக்குள் தள்ளப்படும் காற்று வெளியேறுவதற்காகப் பின்பம்பருக்குள் மறைவாக ஒரு ஜன்னல் இருக்கும். அதில் மெல்லிய ரப்பர் ஃபிளாப்புகள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும்படி தொங்கும். ஊதுபத்தியைக் கொளுத்தி உள்ளிருந்து அருகில் பிடித்தேன்; வெளியே வீசிய காற்றில் புகை உள்பக்கமாகவே திரும்பியது. பம்பரைக் கழற்றியபோது ஒரு ஃபிளாப் இல்லை, சட்டத்தைச் சுற்றியிருந்த ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எப்போதோ டிங்கரிங் வேலையில் போயிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் புகை வாடை பற்றிப் புகார்கள் குவிந்து, நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2016-ல் விசாரணை தொடங்கி 2023-ல் முடித்தது. அதிக வாயு பதிவான வண்டிகள் பின்புறம் இடிபட்டவையாகவோ, காவல்துறைக்குக் கூடுதல் கருவிகள் பொருத்தியபோது போட்ட ஓட்டைகள் சரியாக அடைக்கப்படாதவையாகவோ இருந்தன. டிக்கியில் துளை போடுகிற எந்த ஆக்சசரீஸ் கடைக்கும் இதைச் சொல்லலாம்.

அடைப்பு வேலை எளிதுதான், பொருள் தேர்வில்தான் கவனம் வேண்டும். வயர் ஓட்டைக்குப் புதிய கிராமெட்டை ஒரு பக்கம் கீறி, வயரைச் சுற்றிப் போட்டு, வெளிப்புறம் நியூட்ரல் சிலிக்கோன் பூசினேன். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கோன் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஃபிளாப் சட்டம் புதுப்பேட்டையில், உடைத்த வண்டி ஒன்றிலிருந்து முழுசாகக் கிடைத்தது. புதிய ஃபோம் ஒட்டிப் பொருத்தினேன். 'எதுக்கு வம்பு, அந்த ஜன்னலையே டேப் போட்டு மூடிடலாம்' என்று தோன்றும். மூடினால் கேபினில் காற்றோட்டம் செத்துவிடும், மழையில் கண்ணாடி மங்கும், கதவை ஓங்கி அறைந்தால்தான் சாத்தும். டிக்கி பீடிங்கைத் துண்டு போடாமல் முழுசாக மாற்றினேன். துண்டு போட்டால் இணைப்பில் இன்னொரு இடுக்கு. சாக்பீஸ் சோதனையில் இப்போது கோடு சுற்றிலும் பதிகிறது.

அதே ஜி.எஸ்.டி. சாலை, அதே கண்ணாடி நிலைகள். மூடி, உள்காற்றுச் சுழற்சியில்: 0. பாதி இறக்கி: 0, முன்னால் லாரி வரும்போது மட்டும் 2, 3 என்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. அது அடுத்தவர் புகை. அதற்கு உள்காற்றுச் சுழற்சியை அழுத்துவதுதான் வழி. லாரி போனதும் திரும்ப வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுவேன். அம்மா பின்சீட்டில் வந்துகொண்டிருக்கிறார். எலுமிச்சம்பழம் மட்டும் பழக்கத்தில் இன்னும் வருகிறது.

மீட்டர் கதவுப் பையில் இருக்கிறது. அதன் சென்சாருக்கும் ஆயுள் உண்டு, சில வருடங்களில் மாற்ற வேண்டியிருக்கும். தயாரிப்பு மாதத்தைப் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டேன். பின்பக்க டேஷ்கேம் ஒன்று மாட்டலாம் என்று தம்பி கேட்கிறான். மாட்டட்டும், ஆனால் வயர் டிக்கிக் கதவுக்கும் கூரைக்கும் இடையே இருக்கிற சுருள் ரப்பர் குழாய்க்குள்ளேதான் போக வேண்டும், புதிதாக ஒரு துளையும் கூடாது. பதினைந்து வருடப் பதிவு முடிந்து புதுப்பிக்கும் நேரம் வருகிறது. பெயின்ட் வேலைக்கு மறுபடி பம்பரைக் கழற்றுவார்கள். ஃபிளாப் சட்டத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, 'இதைக் கழற்றாதீர்கள், கழற்றினால் திரும்ப மாட்டுங்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.